சங்காயக் குவியலில் விலங்குலகத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி

விசைப்படகு கரை சேர்ந்ததும் இறால் ஒரு கூடைக்குப் போகும், நண்டு ஒரு கூடைக்கு, கணவாய் இன்னொன்றுக்கு. விலை போகாத மிச்சம் மொத்தமும் தளத்தின் ஓரத்தில் குவிந்து கிடக்கும். ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் பக்கம் அதற்குச் சங்காயம் என்று பெயர். காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புவார்கள். என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் அந்தக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து மீன் பிரித்தவர். அந்தக் கூலியில் படித்து வந்த நான் இப்போது பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். விலங்குலகம் பாடம் வந்ததும் பிள்ளைகளை அதே குவியலுக்குக் கூட்டிப் போகிறேன். அம்மா விலை பார்த்துப் பிரித்ததை நாங்கள் உறவு பார்த்துப் பிரிக்கிறோம்.

மற்ற ஊர் ஆசிரியர்களும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசைப்படும் பெற்றோரும் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். இழுவை மடி போடும் படகுகள் வந்து நிற்கிற எந்த ஊரிலும் செய்யலாம்: நாகப்பட்டினம், கடலூர், காசிமேடு, தூத்துக்குடி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது மட்டும் போகாதீர்கள். மற்ற நாட்களில் படகு வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். வெயில் ஏறிவிட்டால் மென்மையான உயிர்கள் எல்லாம் கூழாகிவிடும்.

கையில் வேண்டியது அதிகம் இல்லை. இரண்டு வெள்ளைத் தட்டு, இரண்டு வாளி கடல்நீர், நீளமான இடுக்கி, தடித்த ரப்பர் கையுறை, பழைய பல் துலக்கும் பிரஷ், கத்தரி, கைலென்ஸ், அளவுகோல், நோட்டு. தட்டு வெள்ளையாக இருப்பது முக்கியம். நிறமில்லாத புழுவும் பொடி நட்சத்திர மீனும் வெள்ளையின் மேல்தான் கண்ணில் படும். பாடம் செய்து வைக்கிறேன் என்று ஃபார்மலின் வாங்காதீர்கள், அது பிள்ளைகள் மூச்சில் போகக் கூடாத ரசாயனம். படம் எடுத்தால் போதும். பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள்.

குவியல் ஒருவருக்குச் சொந்தம் என்பதை மறக்க வேண்டாம். அதை விலைக்குப் பேசியவர் யார் என்று விசாரித்து, ஒரு வாளி எடுத்துக்கொள்கிறோம், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொட்டிவிடுகிறோம் என்று சொல்லுங்கள். எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை.

அப்புறம் ஆபத்து. இதைப் படகடிக்குப் போகும் முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள். திருக்கையின் வாலில் இருக்கிற முள் செத்த பிறகும் விஷமுள்ளது. கெளிற்றின் முதுகு முள்ளும் பக்க முட்களும் அப்படியே. குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை மூழ்க வைத்தால் வலி குறையும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சொறிமீன் செத்துக் காய்ந்துகொண்டிருந்தாலும் கொட்டும். கடல் பாம்பு அசையாமல் கிடந்தாலும் இடுக்கியால்கூடத் தொட வேண்டாம், மீனவர்களையே அகற்றச் சொல்லுங்கள். பேத்தை மீனைப் பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது.

இன்னொன்று, சட்டம். பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. காய்ந்து செத்ததாக இருந்தாலும் நினைவுக்கு என்று எடுத்துவரக் கூடாது. உயிரோடு இருந்தால் படகுக்காரரிடம் சொல்லிக் கடலில் விடச் செய்யுங்கள். எங்கள் பக்கம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே போய் உயிரோடு இருப்பதைப் பொறுக்கி வந்து பாடம் நடத்துவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். குவியலில் இருப்பவை பெரும்பாலும் ஏற்கெனவே செத்தவை. அதனால்தான் குவியல்.

சரி, இனி பிரிப்போம்.

முதல் வேலை, பெயரை மறப்பது. நட்சத்திர மீன், சொறிமீன், கணவாய் மீன், நாக்கு மீன். நான்குக்கும் பெயரில் மீன் உண்டு. முதுகெலும்பு நாக்கு மீனுக்கு மட்டுமே உண்டு. கடலில் கிடைப்பதையெல்லாம் மீன் என்று சொல்வது சந்தைக்குச் சரி, நம் வேலைக்கு உதவாது. வகைப்பாட்டுக்கு அடித்தளம் போட்ட லின்னேயஸே இதில் சிரமப்பட்டிருக்கிறார். 1758-இல் வந்த அவருடைய பதிப்பில் விலங்குகள் மொத்தம் ஆறு வகுப்புதான்: பாலூட்டி, பறவை, இருவாழ்வி, மீன், பூச்சி, புழு. நண்டு பூச்சிகளோடு இருந்தது. கணவாய், நட்சத்திர மீன், சொறி எல்லாம் புழுக்களோடு. சுறாவையும் திருக்கையையும் தவளை, பாம்போடு இருவாழ்விகளில் வைத்திருந்தார். அவர் பட்டியலில் இருந்த விலங்குகள் நாலாயிரத்துச் சொச்சம். இன்று பெயரிடப்பட்டவை 15 லட்சத்தைத் தாண்டிவிட்டன. தொகுதிகள் என்னும் பெரும் பிரிவுகள் முப்பதுக்கு மேல். பிள்ளைகள் தப்பாகப் பிரித்தால் திட்டாதீர்கள், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இரண்டாவது வேலை, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து நான்கு கேள்வி கேட்பது. இதற்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டா? கெட்டியான பாகம் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வாய் எங்கே? குஞ்சு எப்படி இருக்கும்? கடைசிக் கேள்விக்குக் குவியலில் பதில் கிடைக்காது, புத்தகத்தில் தேட வேண்டும். ஆனால் பல நேரம் வழக்கை முடித்து வைப்பது அதுதான்.

தட்டில் பஞ்சு மாதிரி துளைகளோடு, வாயும் இல்லாமல் முன்பின்னும் இல்லாமல் கிடப்பதைத் தனியாக வையுங்கள். கடற்பஞ்சு, துளையுடலிகள். வட்டமாக, நடுவில் ஒரே ஒரு வாயோடு இருக்கிற சொறி, கடல் சாமந்தி ஆகியவற்றை இன்னொரு ஓரத்தில் வையுங்கள். குழியுடலிகள், கொட்டும் செல்கள் உள்ள கூட்டம். இவை இரண்டும் சுலபம். இனிமேல்தான் நிதானம் வேண்டும்.

நண்டில் தொடங்குங்கள், எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். வயிற்றில் ஒரு மூடி அமுங்கியிருக்கும், நகத்தால் நெம்பினால் திறக்கும். ஆணுக்கு அது ஒடுங்கியிருக்கும், பெண்ணுக்கு அகலம். சினை நண்டாக இருந்தால் அதற்கடியில் முட்டை திரளாக ஒட்டியிருக்கும். இப்போது பக்கத்தில் ஒரு இறாலை வைத்து, அந்த மூடியிலிருக்கும் வளையங்களையும் இறாலின் வால் பக்கத்து வளையங்களையும் ஒப்பிடுங்கள். மூடி என்று நினைத்தது நண்டின் வால். இறாலில் நீண்டு சதைப்பற்றோடு இருக்கும் அதே பாகம், நண்டில் தட்டையாகி வயிற்றுக்கடியில் மடிந்துவிட்டது. இடுக்கிக் காலையும் சேர்த்து எண்ணினால் இரண்டுக்கும் பத்துக் கால். உருவத்தில் ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஆனால் பாகத்துக்குப் பாகம் பொருந்துகிறது. உறவு என்று நான் சொல்வது இந்தப் பொருத்தத்தைத்தான். பிள்ளைகள் அந்த மூடியைத் திறக்கும்போது முகத்தைப் பாருங்கள், தினம் சாப்பிடுகிற நண்டில் இது இருந்ததை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அதே நண்டின் முதுகில் சுண்ணாம்புக் கொப்புளம் மாதிரி ஒட்டியிருப்பதைத் தேடுங்கள். படகின் அடிப்பக்கத்திலும் ஒட்டும், கொட்டலசு என்பார்கள். எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று கேட்டால் வகுப்பே சிப்பிப் பக்கம் கை காட்டும். பெரிய இயற்கையியலாளரான கூவியேவும் அதை மெல்லுடலிகளில்தான் வைத்தார். அதை நண்டின் முதுகிலிருந்து பெயர்க்காமல் கடல்நீர் வாளியில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். உயிர் இருந்தால் உச்சியில் கதவு மாதிரி இரண்டு தகடு விலகும். உள்ளேயிருந்து இறகு போன்ற ஒன்று வெளியே வந்து தண்ணீரை அள்ளிவிட்டு உள்ளே போகும். அந்த இறகுகள் கால்கள், கணுக்கணுவான கால்கள். குஞ்சாக நீந்தி வந்து, தலையை ஒட்டவைத்துக்கொண்டு, மிச்ச வாழ்நாளெல்லாம் காலால் இரையை வாய்க்குத் தள்ளுகிற இறால் குடும்பத்து உயிர் அது. அயர்லாந்தின் கார்க் நகரில் ராணுவ மருத்துவராக இருந்த ஜான் வாகன் தாம்சன் அதன் குஞ்சு சிப்பிக் குஞ்சு போல இல்லை, இறால், நண்டு சேர்ந்த ஓட்டுடலிகளின் குஞ்சு போல இருக்கிறது என்று கண்டு 1830-இல் எழுதினார். டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருடம் கொட்டலசைத்தான் அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே அமைப்பு எத்தனை விதமாக மாறலாம் என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் 1859-இல் வந்தது.

அடுத்தது கணவாய். மூன்று வகையும் கிடைத்தால் நல்லது: ஓட்டுக் கணவாய், ஊசிக் கணவாய், பேய்க் கணவாய். ஓட்டுக் கணவாயின் முதுகைக் கீறினால் வெள்ளை ஓடு வரும், கிளிக்கூண்டில் வைப்பார்களே அதுதான். ஊசிக் கணவாயில் அதே இடத்தில் கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு தகடு. பேய்க் கணவாயில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஒரு சங்கை வையுங்கள். சங்குக்கு ஓடு வெளியே, கணவாய்க்கு உள்ளே, பேய்க் கணவாய்க்குப் போயே போய்விட்டது. கைகளுக்கு நடுவே விரலை விட்டு அழுத்தினால் கிளி மூக்கு போல் கறுப்பாக ஒரு அலகு பிதுங்கும். அதற்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரம் போல் வரிவரியாகப் பல் வைத்த நாக்கு. சங்கும் நத்தையும் சுரண்டித் தின்பது இதே அரநாக்கால்தான். மெல்லுடலி என்று எழுத வைக்க வேறு சாட்சி வேண்டாம்.

கணவாயிடம் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அதன் கண்ணையும் ஒரு மீன் கண்ணையும் கத்தரியால் பிரியுங்கள், இரண்டிலும் உருண்டையான பளிங்கு வில்லை உருளும். விழித்திரை, கருவிழி எல்லாம் இருக்கும். பார்த்தவுடன் இரண்டும் சொந்தம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மீனுக்கும் நமக்கும் விழித்திரை கருவில் மூளையிலிருந்து புடைத்து வருகிறது, நரம்புகள் அதன் முன்பக்கமாக ஓடி ஒரு துளை வழியாக வெளியேறுகின்றன. அந்த இடத்தில் பார்வை இல்லை, குருட்டுப் புள்ளி. கணவாய்க்கு விழித்திரை தோல் உள்மடிந்து உண்டாகிறது, நரம்புகள் பின்பக்கமாகவே போகின்றன, குருட்டுப் புள்ளி கிடையாது. வேலை ஒன்று, வந்த வழி வேறு. தேவை ஒன்றாக இருந்தால் சம்பந்தமில்லாத இரண்டு உடல்கள் ஒரே மாதிரி தீர்வுக்கு வந்து சேரும். நண்டு இறால் பொருத்தத்தையும் இந்தப் பொருத்தத்தையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் வகைப்பாட்டில் பாதி தெரிந்த மாதிரி.

அதை அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சின்னத் திருக்கையின் முள்ளை மீனவரிடம் சொல்லி வெட்டச் சொல்லிவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு நாக்கு மீனை வையுங்கள். இரண்டும் தட்டை, இரண்டும் மணலில் படுத்துக் கிடப்பவை. சொந்தமா? திருக்கையின் கண்கள் மேலே, இடமும் வலமுமாகச் சரியாக இருக்கும். திருப்பினால் வாயும் செவுள் பிளவுகளும் வயிற்றுப் பக்கத்தில். அது குப்புறப் படுத்த மீன். நாக்கு மீனின் இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில், வாய் கோணலாக இருக்கும். அது ஒருக்களித்துப் படுத்த மீன். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்ணாகத்தான் இருக்கும், வளர வளர ஒரு கண் தலையைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். கத்தரியால் வெட்டிப் பாருங்கள். திருக்கைக்குக் குருத்தெலும்பு, நாக்கு மீனுக்குக் கெட்டி எலும்பு. திருக்கை சுறாவின் கூட்டம். பிள்ளைகளை இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி இதைச் சொல்லுங்கள்: நாக்கு மீன் சுறாவுக்கு நெருக்கமா, நமக்கு நெருக்கமா? நமக்குத்தான். எலும்பு மீன்களின் ஒரு கிளையிலிருந்துதான் நான்கு காலுள்ளவை எல்லாம் வந்தன, சுறாவின் வழி அதற்கு முன்பே பிரிந்துவிட்டது. என் மாணவி ஒருத்தி வீட்டுக்குப் போய்ச் சொல்லி, அவள் அப்பா, முப்பது வருடம் கடலுக்குப் போனவர், மறுநாள் தளத்தில் வந்து என்னிடம் இதைத் திரும்பக் கேட்டார். சேர்ந்து ஒரு சுறாக் குட்டியை அறுத்துப் பார்த்தோம்.

நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் குவியலில் நிச்சயம் இருக்கும். காய்ந்து முள் உதிர்ந்த முள்ளெலி ஓட்டைப் பிரஷால் தேய்த்துவிட்டு வெயிலுக்கு நேரே பிடித்து, அடியில் இருக்கும் வாய்த் துளை வழியாக உள்ளே பாருங்கள். ஊசியால் குத்தின மாதிரி வெளிச்சப் புள்ளிகள் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக இறங்கும். வரிசைக் கூட்டங்களை எண்ணினால் ஐந்து. நட்சத்திர மீனைக் கவிழ்த்தால் கைக்கு ஒன்றாக ஐந்து பள்ளம், அதில் குழாய்க் கால்கள். நட்சத்திர மீனின் ஐந்து கைகளையும் மேலே மடக்கித் தைத்தால் முள்ளெலி. வட்டமாக இருப்பதால் சொறியோடு சேர்த்துவிடத் தோன்றும். இங்கேதான் நான்காவது கேள்வி உதவுகிறது. நட்சத்திர மீனின் குஞ்சு வட்டமில்லை, நம்மைப் போல இடம் வலம் உள்ளது. நீந்தித் திரிந்துவிட்டு, பிறகு உடலையே மாற்றிக்கொண்டு ஐந்து பக்கமாகிறது. கரு வளரும் விதத்தையும் மரபணுவையும் வைத்துப் பார்த்தால் இந்தக் கூட்டம், அதாவது முட்தோலிகள், நண்டு, கணவாயைவிட நமக்குச் சொந்தம். இவற்றில் சுமார் 7,000 இனங்கள் இருக்கின்றன, ஒன்றுகூட நிலத்தில் இல்லை, நன்னீரிலும் இல்லை.

கடைசியாக, தோல் பை மாதிரி ஒன்றைத் தேடுங்கள். பழுப்பாக, சொரசொரப்பாக, கல்லிலோ சிப்பியிலோ ஒட்டியிருக்கும். அமுக்கினால் இரண்டு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். கல்லூரி செய்முறைத் தேர்வில் அதைத் துளையுடலி என்று எழுதி மதிப்பெண் இழந்தேன், அதனால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். அது அசிடியா. தண்ணீரை ஒரு துளையில் இழுத்து, வடிகட்டி, மறு துளையில் விடுகிறது. மூளை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அதன் குஞ்சு தலைப்பிரட்டை மாதிரி, வாலில் முதுகுநாண், அதாவது நம் முதுகெலும்பின் இடத்தில் இருக்கிற வளையும் தண்டு, அதன்மேல் நரம்பு வடம். ரஷ்ய அறிஞர் கோவலெவ்ஸ்கி 1866-இல் இதை விளக்கினார். ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்ததும் வாலை உறிஞ்சிவிட்டுப் பையாகிவிடுகிறது. முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு இந்தக் கூட்டம்தான் என்று 2006-இல் மரபணு ஒப்பீடும் சொன்னது. அசிடியாவைப் பிள்ளைகள் எந்தக் குவியலில் வைத்திருந்தாலும், நீங்களே எடுத்து மீன்களின் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். ஏன் என்று கேட்பார்கள். சொல்ல நேரம் ஒதுக்குங்கள்.

இப்போது தரையில் சாக்பீஸால் மரம் போடலாம். அடியிலிருந்து ஒரு கோடு. முதலில் பஞ்சு பிரிகிறது. பஞ்சுக்கு முன்பே சீப்பு இழுதுகள் (சொறி போலத் தோன்றும் வேறொரு கூட்டம்) பிரிந்தனவா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அந்த இடத்தில் புள்ளிக் கோடு போடச் சொல்லுங்கள். அடுத்து சொறி. பிறகு இடம் வலம் உள்ள எல்லாம் சேர்ந்த பெரிய கோடு, அது இரண்டாகப் பிரியும். ஒரு கிளையில் முட்தோலி, அசிடியா, மீன், நாம். மறு கிளையில் மற்றவை, அது மறுபடி இரண்டாகும்: தோல் உரிக்கிற நண்டு, இறால், கொட்டலசு ஒரு பக்கம், கணவாய், சங்கு, கடல் புழு மறுபக்கம். வளைய வளையமாக இருப்பதால் புழுவை நண்டோடு சேர்ப்பதுதான் நெடுநாள் வழக்கம். 1997-இல் மரபணு ஆய்வு ஒன்று, தோல் உரிப்பவை எல்லாம் ஒரே கூட்டம் என்று காட்டியதிலிருந்து புழு சங்கின் பக்கம் வந்துவிட்டது. சங்கின் குஞ்சும் கடல் புழுவின் குஞ்சும் ஒரே சாயல் என்பது முன்பே தெரிந்ததுதான்.

மரத்தை ஏணியாகப் போடவிடாதீர்கள். பஞ்சு கீழ்ப்படி, மனிதன் மேல்படி என்று யாராவது ஒருவர் போடுவார். எல்லா நுனியும் ஒரே உயரத்தில் முடிய வேண்டும், எல்லாம் இன்றைய உயிர்கள். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் செங்ஜியாங் என்னுமிடத்துப் பாறைகளில் ஏறக்குறைய 52 கோடி வருடத்துக்கு முந்தைய பஞ்சுகளும் கணுக்காலிகளும், தாடையில்லாத சின்ன மீன் போன்றவையும் ஒன்றாகவே கிடக்கின்றன. நம் தட்டிலிருக்கும் கூட்டங்கள் அப்போதே பிரிந்துவிட்டன.

ஒவ்வொரு நுனியிலும் அந்தந்த உயிரை வைத்து, ஒரு படம் எடுங்கள். எந்த இடத்தில் சந்தேகம், எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று நோட்டில் இரண்டு வரி எழுத வையுங்கள். இரண்டு அங்குலம் கூட வளராத நண்டும் மீன் குஞ்சும் எத்தனை என்றும் ஒரு ஓரத்தில் எண்ணி எழுதுங்கள். நாங்கள் ஒவ்வொரு முறையும் எழுதுகிறோம். வளரவிட்டிருந்தால் எங்கள் ஊர் வலையிலேயே வந்திருக்க வேண்டியவை அவை, அந்த எண்ணிக்கை பெரிதாக இருக்கும் நாளில் பிள்ளைகள் பேச்சில்லாமல் திரும்புகிறார்கள்.

முடிந்ததும் உயிரோடு இருப்பவற்றை வாளியோடு கொண்டுபோய்க் கடலில் விடுங்கள். செத்தவற்றை எடுத்த குவியலிலேயே கொட்டுங்கள், ஒரு கை அளவு குறைந்தாலும் காயவைக்கிற அம்மாவுக்கு எடை குறையும். சாக்பீஸ் மரத்தின்மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றித் தளத்தைக் கழுவிவிட்டு வாருங்கள், அடுத்த படகுக்கு இடம் வேண்டும்.